யாரும் கூப்பிடாத பெயர்

மானிட்டரின் முதுகு சூடாக இருந்தது.

தங்கம் கையை எடுக்கவில்லை. வெளியே காலையிலிருந்து விடாத மழை. ஜன்னலோரச் சுவரில் ஈரம் ஆளுயரத்துக்கு இறங்கியிருந்தது, தரை சில்லென்றிருந்தது, மந்தைவெளி மார்க்கெட்டிலிருந்து தூக்கி வந்த பையின் காதுகூட நனைந்து கனத்து விரல்களில் தடம் பதித்திருந்தது. அந்த வீட்டில் அந்த நேரத்தில் சூடாக இருக்க வேண்டியது எதுவும் இல்லை. கூடத்து மூலையில் பூப்போட்ட உறை மாட்டி நின்ற அந்தப் பெட்டியின் பின்புறம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கையைப் போல, மெல்லிய உடம்புச் சூட்டோடு இருந்தது.

"பிச்சு, இங்க வா."

மகள் வந்தாள். மழைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. கையில் பாதி கடித்த முறுக்கு, கண்ணில் பாதித் தூக்கம்.

"கம்ப்யூட்டர் போட்டியா?"

"எப்படிம்மா போடறது? பாஸ்வேர்டு உனக்குத்தான் தெரியும். போன் வயர் உன் இடுப்புல இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனா கீபோர்டையும் இடுப்புல சொருகிட்டு மார்க்கெட் போவ."

"சூடா இருக்கே."

"அதுக்குக் காய்ச்சலோ என்னவோ."

தங்கம் சிரிக்கவில்லை. பிச்சு பக்கத்தில் வந்து, தானும் கையை வைத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த குறும்பு மெதுவாக வடிந்தது. அதைத் தங்கம் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பொய் சொல்கிற பிள்ளையின் முகம் அவளுக்குத் தெரியும். இது அந்த முகம் இல்லை.

"முன்னாடி போட்டுப் பாத்தேன், இல்லைன்னு சொல்லல," என்றாள் பிச்சு. "அப்பா பேரு போட்டேன். முருகன்னு போட்டேன். கடைப் பேரு போட்டேன். எதுவும் எடுபடல. விட்டுட்டேன். சத்தியமா இன்னைக்குத் தொடல. அப்படி என்ன பேரும்மா வெச்சிருக்க?"

"உனக்குத் தெரிஞ்ச பேர் இல்ல."

"எனக்குத் தெரியாத பேரு உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

தங்கம் உறையை இழுத்து மூடினாள். காய்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெண்டைக்காயைத் துடைத்து நறுக்கும்போது உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. குழாயில் கழுவினாள். போகவில்லை.

கம்ப்யூட்டரை வாங்கியது நல்லசிவம். தி.நகரில் அவருக்குச் சேலைக்கடை. கடைக் கணக்கை வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம், பிள்ளையும் நாலு விஷயம் தெரிந்துகொள்ளும் என்று போன வருஷம் கொண்டுவந்து இறக்கினார். பிறகு டெலிபோன் வழியாக இன்டர்நெட் வந்தது. அதன் பிறகுதான் பயம் வந்தது. ஒரு நாள் தங்கம் பின்னால் நின்று பார்த்தபோது, பிச்சு எங்கோ இருக்கும் யாரோ ஒருவனோடு எழுத்தில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் இவளுடைய வீட்டு விலாசத்தைக் கேட்டிருந்தான். இவள் தன் பெயரை ஷ்ரேயா என்று சொல்லியிருந்தாள்.

"பிச்சம்மாள்னு சொன்னா எவம்மா பேசுவான்?" என்று அன்றைக்கு மகள் அழுதாள். "கிளாஸ்ல என்னைப் பாத்துக் கையேந்திக் காட்டறாங்க. அனன்யா, சுவாதின்னு எல்லாருக்கும் பேரு இருக்கு. எனக்கு மட்டும் எதுக்கு இப்படி ஒரு பேரு வெச்சீங்க?"

எதற்கு என்பதைத் தங்கம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது.

பிச்சுவுக்கு முன்னால் தங்கத்துக்கு இரண்டு பிறந்து, இரண்டும் நிற்கவில்லை. மூன்றாவதாகப் பிறந்ததற்கு ஆசை ஆசையாகத் தாரணி என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த வாரமே அதற்கும் காய்ச்சல் வந்தது, ஜன்னி வந்தது. ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வார்டில் குழந்தை மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கட்டிலில் தன் பிள்ளைக்குத் துணையாக இருந்த நஸ்ருன்னிசாதான் கேட்டாள், "உங்க சைடுல தவுட்டுக்கு விப்பாங்களே, நீ விக்கலியா?" நல்லசிவம் மாட்டுத் தீவனக் கடையைத் தேடி ஓடினார். ஒரு பொட்டலம் தவிடு வந்தது. நஸ்ருன்னிசா அதைத் தங்கத்தின் கையில் கொடுத்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு தங்கம் வாசல் பக்கம் திரும்பி, அங்கே யார் நின்றிருந்தாலும் கேட்கும்படி, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். என் பிள்ளை தாரணி செத்துப் போச்சு. இங்க கிடக்கிறது அடுத்தவ பிள்ளை.

பிறகு முந்தானையை விரித்து அதே குழந்தையைப் பிச்சையாக வாங்கிக்கொண்டாள். பிச்சையாக வந்தது பிச்சம்மாள். விடியும்போது காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்திருந்தது.

அன்றிலிருந்து பழைய பெயரை யாரும் சொன்னதில்லை. நல்லசிவம் கனவில்கூடச் சொல்லியிருக்க மாட்டார். கடையில் வேலைக்குச் சேர வந்த ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் என்று தெரிந்ததும் வேறு காரணம் சொல்லி அனுப்பிவிட்டார். பிள்ளையை எடுத்துப் போக வந்து ஏமாந்து திரும்பிப் போன ஒன்று, அந்தப் பெயர் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கும். அவ்வளவுதான் விதி. பன்னிரண்டு வருஷமாக அதைக் காத்தார்கள்.

விலாசம் கேட்டவனுக்குப் பயந்து கம்ப்யூட்டரைப் பூட்டிவிடக் கூப்பிட்ட மெக்கானிக் சண்முகவேல்தான், கீபோர்டைத் தங்கத்தின் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். "பாஸ்வேர்டு போடுங்க மேடம். நான் பாக்கல. பொண்ணு யோசிச்சே பாக்காத பேரா போடுங்க. வூட்ல யாரும் கூப்புடாத பேரா இருக்கணும்."

யாரும் கூப்பிடாத பெயர். தங்கத்துக்கு அப்படி ஒன்றுதான் தெரியும்.

எழுதுவது கூப்பிடுவது ஆகாது என்று அவள் நினைத்தாள். அதுவும் இந்தப் பெட்டியில் எழுதினால் எழுத்துகூடத் தெரியவில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நட்சத்திரம்தான் வந்து உட்கார்ந்தது. அவளுக்கே அந்தப் பெயரைக் காட்டாமல் மறைத்துக்கொண்டது. இதைவிடப் பத்திரம் எது? "இன்டர்நெட்டுக்கும் அதையே போட்டுக்கோங்க, மறக்காது" என்றான் சண்முகவேல். போட்டுக்கொண்டாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டியைத் திறந்துவிடுவாள். கம்ப்யூட்டரைப் போனோடு சேர்க்கிற வயரைச் செருகுவாள். பிச்சுவை எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வாள். ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்துவாள்.

அழுத்தும்போது தன் உதடுகள் அசைவதை அவள் கவனித்ததில்லை.

பெட்டி சூடாக இருந்ததற்கு மறுநாள் சண்முகவேல் வந்து பார்த்தான். பெட்டியைத் திருப்பிப் போட்டு, ஊதி, டார்ச் அடித்தான்.

"பசங்க இன்னா பண்ணுவாங்கன்னா மேடம், மூடியக் கழட்டி உள்ள கீற பேட்டரியப் புடுங்கிடுவாங்க. பாஸ்வேர்டு எல்லாம் மறந்துபூடும் அதுக்கு. இங்க அப்டி இல்ல. ஸ்க்ரூல துரு அப்டியே கீது. யாரும் கை வெக்கல."

"அப்ப எப்படிச் சூடாச்சு?"

"வெயில்..." என்று தொடங்கி, ஜன்னலைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "டீ போடுவீங்களா மேடம்?"

நல்லசிவம் கடையிலிருந்து போன் பண்ணியபோது சொன்னாள். அவர் பின்னால் யாரோ பட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாஸ்வேர்டு என்னன்னு அவ கண்டுபிடிச்சிருப்பா. மாத்திடு."

"கண்டுபிடிக்க முடியாதுங்க."

"அவ உன் பொண்ணு. நீ என்கிட்ட ஒளிச்சு வெச்ச அல்வாவையே கண்டுபிடிச்சவ."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், நான் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறேன் என்று. போனில் அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். தங்கம் ரிசீவரை வைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் பெட்டியைத் திறந்துவிடவில்லை. பிச்சுவும் கேட்கவில்லை. அம்மாவும் மகளும் கூடத்தின் மறு மூலையில், அந்தப் பெட்டிக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் மழை விட்டது. பிச்சு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். மத்தியானம் தங்கம் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் எங்கோ பறக்கும் ரயிலுக்குத் தூண் நடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதன் இடி ஓசைக்கும், கீழே தெருவில் சேற்றில் சறுக்கிக்கொண்டு போன ஆட்டோவின் உறுமலுக்கும், ஈரப் போர்வையை உதறும் சத்தத்துக்கும் இடையே, மாடிப்படி வழியாக ஒரு சத்தம் ஏறி வந்தது. முதலில் எண்கள் சுழற்றும் குட்டிக் குட்டி மணிச்சத்தம். அப்புறம் நீளமாக ஒரு விசில். அதற்குப் பிறகு கரகரவென்று, தொண்டையில் சளி கட்டிய எதுவோ மூச்சை இழுத்து இழுத்து விடுவது போல.

இன்டர்நெட் இணையும்போது வரும் சத்தம்தான். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் ஆஸ்பத்திரியில் தன் கையில் கிடந்த குழந்தையின் மூச்சு இதே மாதிரிதான் இழுத்தது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

போன் வயர் அவள் இடுப்பில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

போர்வை கையிலிருந்து நழுவி ஈரத் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை. படியிறங்கினாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாசல் கதவில் பூட்டு தொங்கியது. அவள் பூட்டிய பூட்டு. திறக்கும்போது சாவி துளைக்குள் போகாமல் நழுவியது. உள்ளே சத்தம் நின்றிருந்தது. கூடம் அரை இருட்டாக இருந்தது, மூடிய ஜன்னலின் இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சத்தில் தூசி மிதந்தது. குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெயின் வாசனை வந்தது. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அந்த எண்ணெயை அவள் வாங்கியதே இல்லை.

உறை கழன்று நாற்காலியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

பிச்சு எழுத்தில் பேசுகிற அதே சாட் கட்டம்தான். அதில் ஆங்கில எழுத்தில் தமிழ். தங்கம் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அம்மா.

அதற்குக் கீழே:

கூப்பிட்டியா.

கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு வரி அவள் கண்ணெதிரே தானாக எழுத்தெழுத்தாக வந்தது. தங்கத்தைப் போலவே, ஒற்றை விரலால் தேடித் தேடி எழுதுகிற வேகத்தில்.

தினமும் கூப்பிடற. வந்தா உன் பக்கத்துல அவ நிக்கிறா.

தங்கம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்த மரமும் சூடாக இருந்தது.

அவ யாரும்மா.

ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. மெயின் சுவிட்ச் வாசலுக்கு மேலே இருந்தது, எட்டித் தட்டினால் அணைந்துவிடும். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி அவளைக் கொக்கி போட்டு இழுத்தது. கேட்டது பிச்சுவைப் பற்றி. தன் பிள்ளையைப் பற்றி யாரோ விசாரிக்கும்போது தாய் எப்படிப் பதில் சொல்லாமல் போவாள்? விலாசம் கேட்ட அந்த முகம் தெரியாதவன் ஞாபகத்துக்கு வந்தான். ஒருவேளை அவனாகவே இருக்கலாம். எப்படியோ உள்ளே நுழைந்து, எப்படியோ பெயரைத் தெரிந்துகொண்டு விளையாடுகிறானோ என்னவோ. அப்படி நினைத்துக்கொண்டதும் கோபம் வந்தது, கோபம் வந்ததும் பயம் குறைந்தது. நின்றபடியே விரலை நீட்டினாள்.

நீ யார், என்று எழுதினாள்.

பதில் உடனே வந்தது. ஒரே சொல். அவள் தினமும் எழுதி, ஒருநாளும் கண்ணால் பார்க்காத சொல். இப்போது நட்சத்திரங்கள் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் வெள்ளையாக நின்றது.

தாரணி.

பிறகு: தாரணி செத்துப் போச்சுன்னு நீதான சொன்ன. எங்க போறதுன்னு சொல்லலியே.

வார்டின் வாசல், கையில் உதிர்ந்த தவிடு, தன்னுடைய குரல். எல்லாம் திரும்ப வந்தது. அன்றைக்கு ஒன்றை ஏமாற்றித் திருப்பி அனுப்பினோம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அந்தப் பெயரோடு ஒன்றை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினோம் என்று நினைத்ததில்லை. அது அங்கேயே நின்றிருக்கும், வளர்ந்திருக்கும் என்று நினைத்ததில்லை.

இல்லை. இல்லவே இல்லை.

தப்புத் தப்பாக அழுத்தி, அழித்து, திரும்ப அழுத்தினாள். நீ என் பிள்ளை இல்லை. என் வீட்டுக்கு வராதே. எனக்கு ஒரே பிள்ளை. என் பிள்ளை பேர் பிச்சம்மாள்.

அனுப்பினாள்.

திரையில் எதுவும் வரவில்லை. தூண் வேலையின் இடி ஓசை நின்றிருந்தது. தெருவில் ஆட்டோ இல்லை, காகம் இல்லை. அப்படி ஒரு அமைதி அந்தத் தெருவுக்கு வந்து அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் யாரோ மிகக் கவனமாக எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது வருகிற அமைதி.

பிச்சம்மாள், என்று வந்தது. மெதுவாக. ருசி பார்ப்பது போல.

பிறகு: சரிம்மா.

திரை அணைந்தது.

ராயப்பேட்டையில் நஸ்ருன்னிசாவின் வீட்டுக்குக் கீழே அவள் மைத்துனர் நூர் முஹம்மதுவின் மெத்தைக் கடை. அங்கே போன் அடித்தால் மேலே ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். தங்கம் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பஞ்சடிக்கிற சத்தம் கேட்டது.

"இன்னா தங்கம், ரமலான் பிரியாணி கேட்டு இப்பவே போனா?" என்று மூச்சு வாங்கியபடி வந்தாள் நஸ்ருன்னிசா. "என் பொண்ணு எப்டி கீது?" எப்போதும் அப்படித்தான் கேட்பாள். தவிடு கொடுத்து வாங்கியவள் இல்லையா.

தங்கம் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். பாஸ்வேர்டில் தொடங்கி.

"எதுக்கு நீ அதுக்குப் பதில் எழுதின?" என்றாள் நஸ்ருன்னிசா கடைசியில். குரல் வேறாக இருந்தது. "அது பேர எழுதின, அது தப்பு. அது வந்துச்சு, வாசல்லயே நிக்குது. போவட்டும். எம் புள்ள பேர ஏன்மா குடுத்த அதுகிட்ட?"

"என் பிள்ளை இவதான்னு சொல்ல..."

"அதுக்கு இத்தினி நாள் இவ யாருன்னே தெரியாது தங்கம். அதுனாலதான இவ பத்திரமா இருந்தா." பஞ்சடிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். "ஸ்கூலுக்குப் போ. இப்பவே போ. கையப் புடிச்சுக் கூட்டினு வா. வழில பேச்சுக் குடுத்துக்கினே வா. நான் ஆட்டோ புடிச்சு வரேன்."

தங்கம் செருப்பு மாட்டக் குனிந்தபோது வாசல் மணி அடித்தது.

பிச்சு நின்றாள். பள்ளிச் சீருடை, முதுகில் பை, தலையிலிருந்து நீர் சொட்டியது. மழை விட்டு எவ்வளவோ நேரமாகிறது என்பது தங்கத்துக்கு உடனே உறைக்கவில்லை. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். உடம்பு கதகதவென்றிருந்தது.

"சீக்கிரம் விட்டுட்டாங்களா?"

"ம்."

"பிச்சு, இன்னைக்கு என்ன நடந்துச்சு ஸ்கூல்ல? அம்மாகிட்டச் சொல்லு."

பெண் மெதுவாக உள்ளே வந்தாள். கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தை, காலண்டரை, ஈரம் இறங்கிய மூலையை, ஒவ்வொன்றாக. விருந்தாளி பார்ப்பது போல் இல்லை. வெகுநாளாக ஜன்னல் வழியாகவே பார்த்த அறைக்குள் முதல்தடவையாக நுழைந்தவர் பார்ப்பது போல. பிறகு துண்டு எடுக்கப் போனாள். துண்டு தொங்குகிற கொடி இடப்பக்கம். அவள் வலப்பக்கம் போய், நின்று, திரும்பி வந்தாள்.

"பிச்சு."

திரும்பவில்லை.

"பிச்சு."

தலையைத் துவட்டிக்கொண்டேயிருந்தாள். காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. அவ்வளவு பக்கம். அடுத்த வீட்டுப் பிள்ளையை யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது போல் நின்றாள்.

போன் அடித்தது. தங்கம் கண்ணை எடுக்காமலே பின்பக்கமாக நடந்து ரிசீவரை எடுத்தாள்.

"நான்தான்," என்றார் நல்லசிவம். "வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்? தாரணி வந்துட்டாளா?"

தங்கம் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள்.

"யாரு?"

"யாரா? உன் பொண்ணுதான். என்ன தங்கம், தூக்கமா? அவளைக் கேளு, பாதாம் அல்வாவா, சாதா அல்வாவான்னு."

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயர் படாத வாய். எவ்வளவு பழக்கமாகச் சொன்னது. பின்னால் கடையில் யாரோ சிரித்தார்கள்.

"பிச்சம்மாள்," என்றாள் தங்கம். "நம்ம பிச்சம்மாள். எங்கங்க நம்ம பிச்சம்மாள்?"

"அது யாரு, புதுசா வேலைக்கு வந்திருக்காளா?"

ரிசீவர் எப்போது கையிலிருந்து நழுவியது என்று தெரியவில்லை. அது கம்பியில் தொங்கி ஆடி, சுவரில் தட்டிக்கொண்டிருந்தது. தட். தட். உள்ளே அவர் அலோ அலோ என்றார். துண்டுக்குள்ளிருந்து ஒரு கண் அவளைப் பார்த்தது. பிச்சுவின் கண். அதே மச்சம் புருவத்துக்குக் கீழே.

தங்கம் மேசையை நோக்கி ஓடினாள். சுவிட்சைத் தட்டினாள். பெட்டி முனகி எழுந்தது. பாஸ்வேர்டு கேட்டது. விரல் பழகிய வழியில் போனது. ஒரு நட்சத்திரம். இன்னொன்று. கடைசி எழுத்து வரை. தட்டினாள்.

தவறு, என்றது பெட்டி.

திரும்பப் போட்டாள். தவறு.

"மாத்தியாச்சும்மா," என்றது பின்னாலிருந்து குரல். நல்ல குரல். கோபமே இல்லாத குரல். "நீ மறந்துட்ட."

தங்கம் திரும்பவில்லை. கண்ணுக்கு முன்னால் கட்டம் காலியாக இருந்தது. கோடு துடித்தது. துடித்தது. இனி இந்த வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர் எது? அவளுக்குத் தெரிந்தது. கையைத் தூக்கினாள். ஒற்றை விரல். எழுத்தைத் தேடியது. உதடுகள் அசைந்தன. இந்தத் தடவை அசைவது அவளுக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டே சொன்னாள், அழுகையும் எழுத்துமாக, பத்து நட்சத்திரமோ பதினொன்றோ, கட்டம் நிறையும்வரை.

பெட்டி திறந்தது.

போன் வயர் இன்னும் அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் அந்தக் கரகரப்பு எழுந்தது, மூச்சை இழுத்து இழுத்து. திரையில் வேகமாக வரிகள் வரத் தொடங்கின. ஒற்றை விரலால் எழுதுவது இல்லை. பத்து விரலாலும் எழுதுகிற, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட கை. எழுத்துப் பிழைகளோடு, மூச்சு விடாமல்.

தோளில் ஒரு முகவாய் வந்து உட்கார்ந்தது. ஈர முடி கன்னத்தில் பட்டது. குழந்தை எண்ணெயின் வாசனை. இரண்டு கைகள் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டன, இதமாக, இறுக்கமாக, எழுந்திருக்க முடியாதபடி.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டாள் தாரணி.

தங்கத்தால் படிக்க முடியவில்லை. கண்ணீரில் எழுத்துகள் நீந்தின. எனவே தாரணியே படித்தாள், புதிதாகப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளையைப் போல, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, பிச்சுவின் குரலில்.

"அம்... மா. கத... வ... தொற. இங்க... ரொம்ப... இருட்டா... இருக்கு. அம்மா... நான்... எப்ப... வீட்டுக்கு..."

வரிகள் மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அவள் அவசரப்படவில்லை. ஒன்றைக்கூட விடாமல் படித்துக்கொண்டேயிருந்தாள்.